சிவப்பா, நீலமா?

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். முழங்கால் மட்டும் படி ஏறும்போது தானும் இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறது. உன் காது எப்படி இருக்கிறது? புதுக் கருவி மாட்டியும் தொலைபேசியில் எதிர்ப்பக்கக் குரல் இரைச்சலாகத்தான் கேட்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்கும் தொலைபேசியில் பேச்சு வருவதில்லை. எழுதினால் அடித்துத் திருத்தலாம். இந்தக் கடிதத்தைக்கூட வேறொரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தில் உன் யோசனை வேண்டும். மருமகளுக்கு ஒரு வேலை அமையும் போலிருக்கிறது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மர அலமாரி செய்யும் பட்டறை ஒன்று இருக்கிறது. அதை நடத்தும் அம்மாள், வாடிக்கையாளர்களின் சமையலறைகளை அளந்து வந்து, அலமாரி எப்படி அமையும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து காட்ட ஓர் ஆள் தேடுகிறார். கல்யாணத்துக்கு முன்னால் மருமகள் செய்துகொண்டிருந்தது இதே வேலைதான். வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் வீட்டில் கம்ப்யூட்டர் வேண்டும். அந்த அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார்: "மே மாசக் கடைசி வரைக்கும் உனக்காக வச்சிருக்கேன். அதுக்கப்புறம் வேற ஆளைப் பார்த்துக்குவேன், கோவிச்சுக்கக் கூடாது."

கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். மருந்துத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் இதைக்கூடச் செய்ய மாட்டேனா என்று ஒரு துணிச்சல். இப்போது கொஞ்சம் பயமாக இருக்கிறது.

எல்லாம் பிராசஸரைப் பொறுத்தது. அதைக் கம்ப்யூட்டரின் மூளை என்கிறார்கள். நான் அதை ஒரு சமையலறையாக நினைத்துக்கொண்டேன். உள்ளே இருக்கும் கோர்கள் சமையல்காரர்கள். ஒரே உணவைச் சீக்கிரம் முடிக்க ஒரு சுறுசுறுப்பான சமையல்காரர் போதும். பெரிய விருந்து என்றால் ஆள் அதிகம் வேண்டும். நம் செலவுக்குள் அடங்குபவை இரண்டு. ஒன்று சிவப்புப் பெட்டியில் வருகிறது, மற்றது நீலப் பெட்டியில். சிவப்பில் ஆறு பேர், நிதானக்காரர்கள். நீலத்தில் நான்கு பேர், வேகக்காரர்கள். அட்டவணை போட்டுப் பார்த்ததில் நீலம் கொஞ்சம் முந்துகிறது. ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நீ என்ன நினைக்கிறாய்? மற்றபடி வீட்டில் எல்லோரும் நலம்.

உன் அன்புத் தம்பி


மார்ச் 15

தம்பிக்கு அக்கா எழுதறது.

நல்லா இருக்கேன். காதுக் கருவி நல்லாத்தான் இருக்கு. பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது கணீர்னு கேக்குது, மனுஷங்க பேசுறதுதான் கேக்கல. ஒருவேளை அதுதான் அதோட உத்தேசமோ என்னவோ. முழங்காலுக்குச் சூட்டு ஒத்தடம் கொடு. எண்ணெய்க்குப் பத்து வகை ஒப்பிட்டுப் பார்க்காதே.

நான் பேசுற மாதிரியேதான் எழுதுவேன். திருத்தினா உதைப்பேன்.

பிராசஸர்னா என்னன்னு உன் கடிதத்துலதான் தெரிஞ்சுக்கிட்டேன். சமையலறைக் கதை புரிஞ்சுது. ஆனா ஒண்ணு மட்டும் புரியல. உன் பிள்ளை கம்ப்யூட்டர் கம்பெனியிலதானே குப்பை கொட்டறான்? பொண்டாட்டிக்குக் கம்ப்யூட்டர் வாங்கணும்னா அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா, தூக்கத்துலயே பதில் சொல்லுவானே! வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு யாராவது நெய்க்கு அலைவாங்களா? அதுவும் எங்கிட்ட வந்து! நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல பிளக்கைச் சொருகிச் சொருகி எடுத்தவ. எனக்குத் தெரிஞ்ச மிஷின் அது ஒண்ணுதான்.

அவனுக்கு வேலை பார்க்கற ஊர்ல வீடு கிடைச்சுதா? கிடைச்சதும் இவளைக் கூட்டிக்கிறதாப் போன வருஷம் சொன்னானே. கூட்டிக்கிறதா இருந்தா இவளுக்கு இங்க எதுக்கு வேலை, எதுக்குக் கம்ப்யூட்டர்?

இன்னொண்ணு. "எல்லோரும் நலம்"னு எழுதியிருக்கே. அந்த வீட்டுல இருக்கறது நீயும் அவளும். ரெண்டு பேருக்கு யாராவது எல்லாரும்னு எழுதுவாங்களா?

சீக்கிரம் வாங்கு. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? குடை வாங்கக் கிளம்பி, துணியும் கம்பியும் கடை கடையா ஒப்பிட்டு, அந்த மழைக்காலம் முழுக்க நனைஞ்சவன் நீ. ஆழம் தெரியாம காலை விடக் கூடாதுதான். ஆனா நீ ஆழம் அளந்து முடிக்கறதுக்குள்ள ஆறே வத்திடும்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒத்தடம் கொடுக்கிறேன், பரவாயில்லை. குடை விஷயத்தில் நீ சொல்வது நியாயம்தான். ஆனால் கடைசியில் நீ அவசரமாக வாங்கித் தந்த குடை முதல் காற்றிலேயே திரும்பிக்கொண்டதையும் நினைத்துப் பார்.

அவனுக்கு வேலை அதிகம். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று இருக்கிறேன்.

கடைக்குப் போய் வந்தேன். கடைக்காரரை எல்லோரும் திருப்புளி என்றே கூப்பிடுகிறார்கள். எப்போதும் காதில் பென்சிலுக்குப் பதில், திருகாணி முடுக்கும் ஒரு சின்னத் திருப்புளியைச் செருகியிருக்கிறார். கடை ஒரு சந்துக்குள் இருக்கிறது. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டும்.

"எதுக்கு சார் வேணும்னு சொன்னீங்க?" என்றார்.

"சமையலறை வரைய."

"விளையாட்டுக்கு இல்லியே?"

"எனக்கு எழுபத்தொரு வயசு."

"எழுபத்தொண்ணுல விளையாடாம வேற எப்ப சார் விளையாடப் போறீங்க?"

 கையோடு கொண்டுபோன தாளைப் பார்த்து என் கேள்விகளைக் கேட்டேன். எவ்வளவு சூடாகும், கூடவே விசிறி வருமா, நாளைக்கு இன்னும் நல்லதாக மாற்ற நினைத்தால் அதே மதர்போர்டில் உட்காருமா. நீலத்துக்கு உட்காராதாம், போர்டையும் சேர்த்து மாற்ற வேண்டுமாம். சிவப்புக்கு உட்காரும். இது சிவப்புக்குச் சாதகம். வரையும்போது ஒரு கோரின் வேகம்தான் முக்கியம் என்கிறார். அது நீலத்துக்குச் சாதகம். வரைந்த அலமாரியில் வெளிச்சமும் நிழலும் விழவைத்து நிஜம்போல் ஆக்கும்போது எல்லாக் கோர்களும் வேலை செய்யும். அது மறுபடி சிவப்புக்கு.

"இன்னிக்கு எடுத்துக்கறீங்களா?" என்றார்.

"இல்லை. ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு..."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க சார். நான் உங்களை மறக்கல."

அவர் சொன்ன இன்னொரு செய்தி என்னை நிறுத்திவிட்டது. ஜூன் மாதம் புது மாதிரி வருமாம். வந்தால் இப்போதுள்ளவற்றின் விலை இறங்குமாம். சோதனைக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சந்தேகம் உள்ள மருந்துத் தொகுதியில் மஞ்சள் சீட்டு ஒட்டிவிடுவோம், "காத்திருக்கவும்" என்று. மஞ்சள் சீட்டு ஒட்டியதற்காக யாரும் யாரையும் திட்டியது கிடையாது. பச்சைச் சீட்டு ஒட்டியவனைத்தான் நாளைக்குக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அதனால் இப்போதைக்கு இரண்டுக்கும் மஞ்சள்.

மருமகள் ஒன்றும் சொல்வதில்லை. என் அட்டவணையை எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு மாமா" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

உன் தம்பி


ஏப்ரல் 11

தம்பி,

சுகம். கேள்வி கேக்க வேண்டியது நான்.

மூணு பக்கம் எழுதியிருக்கே. அதுல பெத்த பிள்ளைக்கு ஒரு வரி. "அவனுக்கு வேலை அதிகம்." திருப்புளிக்குக் கொடுத்த இடத்துல பாதிகூட அவனுக்குக் கொடுக்கல.

எக்ஸ்சேஞ்சுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு நான் கேட்ட பேச்சுக்குக் கணக்கே இல்ல. கேட்கக் கூடாதுன்னு சட்டம், ஆனா லைன் சேர்ந்துதான்னு பார்க்கக் காதைக் கொடுத்துத்தானே ஆகணும்? அதுல நான் கத்துக்கிட்டது ஒண்ணு. ஆளுங்க எதைச் சொல்ல பயப்படறாங்களோ, அதுக்கு முன்னாடி மழை வெயிலைப் பத்தி ரொம்ப நேரம் பேசுவாங்க. உனக்கு மழை வெயிலுக்குப் பதில் பிராசஸர்.

ஜூன்ல புதுசு வருதா? வரட்டும். வேலை மே கடைசியோட போயிடும்னு நீதானே முதல் கடிதத்துல எழுதினே? கணக்குப் போடத் தெரிஞ்ச உனக்கு மே முடிஞ்சுதான் ஜூன்னு தெரியாதா?

அந்தப் பொண்ணு என் தோழியோட பொண்ணு. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்து வேலை பார்த்தோம். அவ போனதுக்கப்புறம் நான் முன்னால நின்னு பேசி முடிச்ச கல்யாணம் இது. நேராக் கேக்கறேன், அங்க என்ன நடக்குது?

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதே. பதில் எழுது. பிராசஸர் வேணாம்.

அக்கா


மே 3

பெரிய அத்தைக்கு வணக்கம்.

நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் மாமாவும் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். மாமா உங்களுக்குப் பதில் போடவில்லை என்று தெரியும். உங்கள் கடிதம் அவர் மேசையில் இருக்கிறது. நான் படிக்கவில்லை. ஆனால் பேனாவை எடுத்துக்கொண்டு உட்காருகிறார், கொஞ்ச நேரத்தில் எழுந்து ஜன்னலைத் துடைக்கப் போய்விடுகிறார். ஜன்னல் இப்போது பளிச்சென்று இருக்கிறது. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

ஜனவரியில் என் கணவர் எனக்கு எழுதினார். அங்கே இன்னொருவரோடு குடித்தனம் வைத்துவிட்டாராம். என்னை அழைத்துக்கொள்ளப் போவதில்லையாம். மாமாவுக்கும் தனியாக ஒன்று எழுதியிருந்தார். இரண்டும் ஒரே தபாலில் வந்தன. நான் சமையலறையிலும் மாமா முன்னறையிலும் படித்தோம். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் டீ குடித்தோம். அதைப் பற்றி இன்றுவரை நாங்கள் பேசவில்லை.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்றால், நீங்கள் பேசி முடித்த கல்யாணம், உங்கள் மனசு உடைந்துவிடும் என்று மாமாவுக்குப் பயம். எனக்கு உங்கள் மேல் ஒரு வருத்தமும் இல்லை அத்தை. அம்மா இல்லாத வீட்டில் அண்ணனிடம் போய் நிற்பதைவிட இந்த வீட்டில் நிம்மதியாகவே இருக்கிறேன்.

இன்னொரு விஷயம். இதை மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள். எந்தப் பிராசஸர் வேண்டும் என்று எனக்கு முதல் நாளே தெரியும். பழைய வேலையில் இதே மாதிரி இயந்திரங்களோடு பழகியவள்தானே. மாமாவின் அட்டவணையில் முதலிடத்தில் இருக்கும் நீலப் பெட்டியில், திரைக்குப் படம் அனுப்பும் பகுதியே கிடையாது. அதற்குத் தனியாக ஒரு கார்டு வாங்கிச் செருக வேண்டும். அது நம் செலவுக்கு மிஞ்சியது. அதை மட்டும் வாங்கி வந்து சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றும், திரை இருட்டாகவே இருக்கும். வேகம், சூடு, விலை எல்லாம் ஒப்பிட்ட மாமா, படம் வருமா என்று மட்டும் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் என்றால் படம் வராமலா இருக்கும் என்று நினைத்திருப்பார்.

இதை நான் சொன்னால் அட்டவணை அன்றோடு முடிந்துவிடும். மகனைப் பற்றி நினைக்கும் நாளில் மாமா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். அட்டவணை போடும் நாளில் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். நான் எப்படிச் சொல்வேன்?

பட்டறை அம்மா அவசரப்படுத்துகிறார். மாலையில் கணக்கர் கிளம்பியதும் அவருடைய பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கொஞ்சம் வரைந்து கொடுக்கிறேன். இது ரொம்ப நாள் ஓடாது. வேலை நிலைத்தால் நான் தனியாக ஓர் இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மகன் விட்டுப்போன வீட்டில் மருமகள் என்ற பெயரில் எத்தனை நாள் இருப்பது? ஆனால் நான் போய்விட்டால் மாமா யாரோடு சாப்பிடுவார் என்று நினைத்தால், எனக்கும் அட்டவணை முடியாமலே இருக்கட்டும் என்றுதான் தோன்றுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அத்தை.

உங்கள் மருமகள்


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னித்துவிடு. உடம்பு நலம்.

மருமகள் கையில் உன் விலாசம் எழுதிய உறையைப் பார்த்தேன். என்ன எழுதினாள் என்று கேட்கவில்லை. நான் எழுத வேண்டியதை எழுதியிருப்பாள் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் உனக்கு இப்போது எல்லாம் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குக் கை வரவில்லை. அவனை வளர்த்ததில் எங்கே பிழை என்று யோசித்துப் பார்த்தேன். விடை கிடைக்கவில்லை. உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியாமல்தான் மூடி வைத்தேன்.

அவளும் எழுதியிருக்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன். அவளுக்கே தெரியாதது. உன்னோடு இருக்கட்டும்.

இந்த ஒப்பீடு போன மாதமே முடிந்திருக்கும். முடிவு சொல்லும் அளவுக்கு எல்லாம் என்னிடம் இருந்தது. இருந்தும் ஒவ்வொரு முறை முடிவை நெருங்கும்போதும் ஒரு புதுக் குறையைத் தேடிக் கண்டுபிடித்தேன். நீலம் சூடாகிறது என்றேன். திருப்புளி, "சார், அது தோசைக்கல் இல்ல, அவ்வளவு சூடெல்லாம் ஆகாது" என்று சிரித்தார். சிவப்பு பழைய மாதிரி என்றேன். "பழசு இல்ல சார், பக்குவப்பட்டது" என்றார். ஜூனில் புதியது வரும் என்பதை அவர் பேச்சுவாக்கில்தான் சொன்னார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா, கம்ப்யூட்டர் வந்தால் வேலை வரும். வேலை வந்தால் அவள் போய்விடுவாள். போகத்தான் வேண்டும். என் மகன் செய்ததற்குப் பிறகு அவளை இந்த வீட்டில் பிடித்து வைத்திருக்க எனக்கு என்ன உரிமை? ஆனால் மாலையில் அவள் வந்து, "மாமா, இன்னிக்கு சிவப்பா நீலமா?" என்று கேட்கும்போது, இந்த வீட்டில் ஒரு குரல் இருக்கிறது என்று தோன்றுகிறது. நான் ஒட்டிய மஞ்சள் சீட்டு பிராசஸருக்கு இல்லை. அந்தப் பெண்ணின் பிழைப்பின் மேல் ஒட்டியிருக்கிறேன். தெரிந்தே ஒட்டியிருக்கிறேன்.

மாதக் கடைசிக்குள் வாங்கிவிட வேண்டும் என்று காலையில் தீர்மானிக்கிறேன். மத்தியானத்துக்குள் தைரியம் போய்விடுகிறது. இதை அவளிடம் சொல்லிவிடாதே. அவள் என்னைப் பற்றி என்ன நினைப்பாள்?

உன் தம்பி


மே 14

தம்பிக்கும் மருமகளுக்கும் சேர்த்து அக்கா எழுதறது.

இதைப் பிரிச்சது யாரா இருந்தாலும் இந்த வரியோட நிறுத்து. இன்னொருத்தரைக் கூப்பிட்டு எதிர்ல உட்கார வை. மருமகளே, நீ சத்தமாப் படி. தம்பி, நீ கேளு. நடுவுல எழுந்து ஜன்னல் துடைக்கப் போகாதே.

ரெண்டு பேரும் சுகம்தானே? நான் சுகம்.

எக்ஸ்சேஞ்சுல எங்களுக்குக் கண்டிப்பான விதி ஒண்ணு உண்டு. காதுல விழுந்ததை வெளியில சொல்லக் கூடாது. வேலையில இருந்தவரைக்கும் நான் அதை மீறினதே இல்ல. உங்க ரெண்டு கடிதமும் அடுத்தடுத்து வந்துது. ரெண்டுலயும் "சொல்லிவிடாதே", "சொல்லிவிடாதீர்கள்". மேசையில வச்சுக்கிட்டு யோசிச்சேன்.

சில நேரம் லைன் கோளாறு ஆயிடும். இந்த முனையில ஒருத்தர், அந்த முனையில ஒருத்தர், ரெண்டு பேரும் ஹலோ ஹலோன்னு கத்துவாங்க. என் காதுல ரெண்டு பேர் குரலும் விழும். அவங்களுக்கு ஒருத்தர் குரல் ஒருத்தருக்கு விழாது. அப்ப நான் விதியை நினைச்சுக்கிட்டு கையைக் கட்டிக்கிட்டு இருப்பேனா? பிளக்கைப் பிடுங்கிச் சரியாச் சொருகுவேன். அதுக்குத்தான் சம்பளம். இப்பவும் அதான் செய்யறேன்.

தம்பி, உன் மருமகளுக்கு எது வேணும்னு முதல் நாளே தெரியும். நீ தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடற நீலத்துல படமே வராதாம். தனியா கார்டு போடணுமாம். அவ சொல்லல. ஏன்னா அட்டவணை போடற நாள்ல மட்டும்தான் நீ ஒழுங்காச் சாப்பிடறியாம்.

மருமகளே, உங்க மாமா ஒரு மாசமா வேணும்னேதான் இழுத்தடிக்கிறார். கம்ப்யூட்டர் வந்தா நீ போயிடுவேன்னு பயம். அந்த வீட்டுல கேக்கற ஒரே குரல் உன் குரலாம்.

அவர் சாப்பிடணும்னு நீ வாயை மூடிக்கிட்டே. நீ போகக் கூடாதுன்னு அவர் கையைக் கட்டிக்கிட்டார். நடுவுல ஒரு வேலை கையை விட்டுப் போகுது. நல்ல குடும்பம் போங்க!

அவனைப் பத்தி. நான் பேசின கல்யாணம்தான். அப்பன் குணத்தைப் பார்த்துப் பிள்ளையை எடை போட்டேன், தப்பிடுச்சு. அதுக்காக என்னைப் பஞ்சுல பொதிஞ்சு வைக்க வேண்டாம். நான் உடையற சாமான் இல்ல.

படிச்சு முடிச்சதும் தாளை மடிச்சு வச்சுட்டுப் பேசுங்க. இனிமே எனக்கு எழுதாதீங்க, முதல்ல உங்களுக்குள்ள பேசுங்க.

அக்கா


மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடியே பேசிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மருமகள் படித்தாள். நான் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். "நீலத்துல படமே வராதாம்" என்ற இடத்தில் அவள் குரல் இறங்கியது. "உங்க மாமா ஒரு மாசமா" என்ற இடத்தில் நின்றே போனது. பிறகு மிச்சத்தையும் படித்தாள். உன் ஆணைப்படி தாளை மடித்து வைத்தாள்.  வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கும்வரை அப்படியே இருந்தோம்.

"படமே வராதா?" என்று கேட்டேன்.

"வராது மாமா."

"இரண்டு மாதமாக முதலிடத்தில் வைத்திருந்தேனே."

"ஆமா. ரொம்ப நல்ல மார்க்கு கொடுத்திருந்தீங்க."

அவள் முதலில் சிரித்தாளா, நான் சிரித்தேனா என்று சொல்ல முடியவில்லை. சிரிப்பு எங்கேயோ அழுகையில் போய் முடிந்தது. அது அவளுடையது மட்டும் இல்லை. ஜனவரியில் வந்த அந்தத் தபாலைப் பற்றி அன்றுதான் பேசினோம். அவள் பேசினாள், நான் கேட்டேன். என் மகனுக்காக மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "நீங்க கேக்காதீங்க மாமா. கேக்க வேண்டியவர் வேற" என்றாள்.

பிறகு நேராகவே கேட்டேன். "நீ போயிடுவியாம்மா?"

"போவேன் மாமா. இப்ப இல்ல. ஆனா போவேன்."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாததில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது.

மறுநாள் திருப்புளியிடம் போனோம். அவள் அவரோடு பேசியதில் எனக்குப் பாதிதான் புரிந்தது. நினைவகம் ஒரே குச்சியாக வேண்டாம், இரண்டாகப் போடுங்கள், அப்போதுதான் படம் தடைப்படாது என்றாள். அவர் காதிலிருந்த திருப்புளியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். "சார், இவங்களை முதல்லயே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார். சிவப்புப் பெட்டியை அவள் எடுத்தாள். பில்லில் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் என் பக்கம் தள்ளினாள். "இது நீங்க போடுங்க மாமா." ஒரு கணம் பேனா தயங்கியது. போட்டுவிட்டேன்.

சுவிட்சைப் போட்டதும் படம் வந்தது. பட்டறை அம்மாள் வந்து பார்த்துவிட்டு, நாளையிலிருந்தே வேலை என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன் மேல் கோபம் இல்லை. கொஞ்சம் வெட்கம் இருக்கிறது. காதைக் கவனித்துக்கொள்.

உன் தம்பி


ஜூன் 9

தம்பி,

நான் நல்லாத்தான் இருக்கேன். உன் கடிதத்தைப் படிச்சுட்டு ஒரு வாரம் சும்மா வச்சிருந்தேன்.

அவனுக்கும் ஒரு கடிதம் போட்டேன். திட்டி எழுதல. அத்தை உயிரோட இருக்கேன், எனக்கும் எல்லாம் தெரியும், அவ்வளவுதான். பதில் வரல. கிணத்துல போட்ட கல்லு. கிடக்கட்டும்.

ஜூன்ல வரும்னியே, புது மாதிரி வந்துதா? விலை இறங்குச்சா? இறங்கியிருந்தாலும் எனக்குச் சொல்லாதே. உனக்கு நீயே சொல்லிக்காதே. வாங்கினதுக்கப்புறம் விலை விசாரிக்கிறவன் கிறுக்கன்.

அவ போவேன்னு சொன்னதை எழுதினே. போனா போகட்டும். சொல்லிட்டுப் போறவங்க எங்க இருந்தாலும் கூப்பிடு தூரம்தான். ஒழுங்காச் சாப்பிடு.

அக்கா


அக்டோபர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். நீயும் நலமாக இருப்பாய். நான்கு மாதமாக நான் அதிகம் எழுதவில்லை. எழுதும்படி ஒன்றும் இல்லை என்பதே நல்ல செய்தி. மருமகள் காலையில் வரைய உட்காருவாள். நான் எதிரில் பேப்பர் படிப்பேன். வாடிக்கையாளர்கள் வந்தால் கதவைத் திறப்பது என் வேலை. ஒருவர் என்னை முதலாளி என்று நினைத்துவிட்டார். நானும் திருத்தவில்லை.

புது மாதிரி வந்தது. விலையும் இறங்கியது. நீ சொல்லாதே என்று சொன்னதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போன வாரம் அவள், "மாமா, இன்னிக்கு என்கூட ஒரு இடத்துக்கு வரணும். டேப்போட மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்ல" என்றாள். வேலை விஷயம் என்று நினைத்துப் போனேன். பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி, முதல் மாடியில் ஒரு சின்ன வீடு. ஓர் அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஜன்னல். சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. சமையலறைச் சுவரை அளந்தோம். நான் மூலையில் டேப்பை அழுத்திப் பிடித்தேன், அவள் எண்ணைப் படித்துச் சொல்லிக்கொண்டே குறித்தாள்.

"யாருடைய வீடு?" என்றேன்.

"முன்பணம் கொடுத்தாச்சு மாமா" என்றாள்.

எனக்குப் புரிந்தது. டேப் கையிலிருந்து நழுவிச் சர்ரென்று அவள் பக்கம் ஓடிவிட்டது. மே மாதமே சொல்லி வைத்ததுதான். எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். பார்க்க ஒன்றும் இல்லை. எதிர் மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவள் என்னை அவசரப்படுத்தவில்லை. திரும்பி வந்ததும் வெளிச்சம் எந்தப் பக்கம் வருகிறது, குழாயில் அழுத்தம் போதுமா என்று நான் பாட்டுக்குக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

பிறகு, "மாமா, இங்க வந்து நில்லுங்க. சுவரை ஒட்டி. கையைத் தூக்குங்க" என்றாள்.

தூக்கினேன்.

"எக்காதீங்க. சும்மா எட்டற அளவுக்குத் தூக்குங்க."

கையைக் கொஞ்சம் இறக்கிச் சுவரில் வைத்தேன். விரல் நுனி தொட்ட இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள்.

"எதுக்கும்மா?"

"டீத்தூள் டப்பா வைக்கிற தட்டு. சாயங்காலம் நீங்க வர்றப்ப நான் வரைஞ்சுக்கிட்டு இருந்தா, நீங்கதானே போட்டுக் குடுக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை சாமான்கள் போகின்றன.

உன் அன்புத் தம்பி